வீட்டு மைய வெப்பமூட்டல் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் எரிவாயு பாய்லரும் ரேடியேட்டர்களும் உள்ள வீடுகளில் குடியிருப்போர் குளிர்காலம் தொடங்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கனடாவில் பல வீடுகளில் உள்ள, வெப்பக் காற்றை ஊதும் ஃபர்னஸ் முற்றிலும் வேறு வகை என்பதால் அதற்கு இவை பொருந்தா. பாய்லரின் மூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையும் இங்கே விளக்கப்படவில்லை. அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

இந்த அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதை வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊரில் பாய்லர் என்றால் குளியலறை ஓரத்தில் விறகோ கரியோ போட்டு எரிக்கும் செம்புக் கலன்தான் நினைவுக்கு வரும். மேலே உள்ள புனலில் தண்ணீர் ஊற்றினால் பக்கக் குழாயில் வெந்நீர் வரும். ஊற்றுவதும் பிடிப்பதுமாக அதில் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும். இங்குள்ள வெப்பமூட்டலையும் அப்படியே நினைத்துக்கொள்வதுதான் பல தவறுகளுக்குத் தொடக்கம். ரேடியேட்டர்களுக்குள் ஓடும் நீர் மாறுவதே இல்லை. பாய்லர் அதைச் சூடாக்குகிறது, பம்பு தள்ளுகிறது, ரேடியேட்டர்கள் வழியாகச் சுற்றி வெப்பத்தை அறைகளில் விட்டுவிட்டு அதே நீர் பாய்லருக்குத் திரும்புகிறது. நிறுவிய நாளில் ஊற்றிய நீரே பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தால் அமைப்பு நலமாக இருக்கிறது என்று பொருள். குழாயில் குளிக்க வரும் வெந்நீர் வேறு பாதையில் செல்கிறது. வெப்பமூட்டலையும் குளிக்கும் வெந்நீரையும் ஒரே பெட்டியில், தனித் தொட்டியின்றித் தரும் காம்பி பாய்லரில் அது சிறிய தகட்டு வெப்பமாற்றியின் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் இந்தச் சுற்று நீர் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை.

பழைய நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் தொடக்கத்திலேயே இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும். அதன்பின் துரு ஏறக்குறைய நின்றுவிடும். புதிய நீர் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜனும் கூடவே போகிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே செய்தியிலிருந்து பிறப்பவை.

அழுத்தமானி எவ்வளவு காட்ட வேண்டும்?

பாய்லர் குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை. நீர் சூடாகும்போது விரிவதால் முள் 2 பார் அளவுக்கு ஏறுவது இயல்பு. 0.5 பாருக்குக் கீழே போனால் பெரும்பாலான காம்பி பாய்லர்கள் தம்மைத்தாமே நிறுத்திக்கொள்ளும். 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செம்புக் குழாய் வழியே நீரை வெளியேற்றும். மேல்மாடிக் கூரையடியில் சிறிய தொட்டி வைத்த பழைய திறந்த அமைப்புகளில் இந்த அழுத்தமானியே இருக்காது. தேடிக் களைக்க வேண்டாம்.

அழுத்தம் அடிக்கடி குறைகிறது. ஒவ்வொரு முறையும் நீர் நிரப்பிக்கொண்டால் போதாதா?

போதாது. மக்கள் மிகச் சாதாரணமாகச் செய்யும், மிகுந்த கேடு விளைவிக்கும் பழக்கம் இதுதான் என்பது என் கருத்து. ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றிய பிறகு, சிறிது நிரப்ப வேண்டியிருந்தால் கவலையில்லை. மாதந்தோறும், வாரந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தால் உள்ளே போன நீர் எங்கோ வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குடமும் ரேடியேட்டரின் உட்சுவரைத் தின்னும் ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது. அத்துடன், முன்பு சேர்த்த துருத்தடுப்பு மருந்தையும் நீர்த்துப்போகச் செய்கிறது.

முதலில் எளிய இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு ரேடியேட்டரின் இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை உலர்ந்த காகிதத் துணுக்கால் துடைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் ஈரமாகத் தெரியும். வால்வின் தண்டைச் சுற்றிப் பச்சை நிறமாகவோ வெள்ளையாகவோ பொருக்குப் பிடித்திருந்தால், நெடுநாளாக அங்கே கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது. கீழ்த்தளக் கூரையில் வட்டமான மஞ்சள் கறை இருந்தால் மேல்தளப் பலகைகளுக்கு அடியில் குழாய் கசியலாம்.

எங்கும் ஈரம் இல்லையென்றால் முள் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். சூடாகும்போது விரைந்து 3 பாரை நெருங்குகிறது, குளிர்ந்ததும் பூஜ்யத்துக்கு அருகில் விழுகிறது, வெளிச்சுவர்ச் செம்புக் குழாயின் முனை ஈரமாக இருக்கிறது என்றால், குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசல் எனப்படும் விரிவுக் கலன்தான். 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் நீர் சுமார் 3 விழுக்காடு விரிகிறது. 100 லிட்டர் நீர் உள்ள அமைப்பில் கிட்டத்தட்ட 3 லிட்டர் கூடுதல் நீருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது இந்தக் கலன். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதன் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் அழுத்திய காற்று. மிதிவண்டிச் சக்கரத்தைப்போல் அந்தக் காற்று ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைகிறது, அல்லது சவ்வு கிழிகிறது. இடமில்லாத நீர் பாதுகாப்பு வால்வு வழியே வெளியேறுகிறது. குளிர்ந்தபின் பார்த்தால் அழுத்தம் இல்லை. வீட்டுக்காரர் நிரப்புகிறார், மறுநாளும் அதுவே நடக்கிறது. காற்றை மீண்டும் ஏற்றுவதோ கலனை மாற்றுவதோ பொறியாளருக்குப் பெரிய வேலையன்று. அதைத் தள்ளிப்போட்டு இரண்டு குளிர்காலம் நீர் நிரப்பிய வீட்டில் ரேடியேட்டர்களையே மாற்ற வேண்டி வரலாம்.

நீர் நிரப்புவது எப்படி?

பாய்லரை அணைத்து ஆறவிடுங்கள். பாய்லரின் அடியில் பின்னல் கம்பி போர்த்திய வளைந்த குழாயும் இரு முனைகளில் சிறு வால்வுகளும் இருக்கும். இதை ஃபில்லிங் லூப் என்பார்கள். சில பாய்லர்களில் இது ஒரு பிளாஸ்டிக் சாவியாகவோ நெம்புகோலாகவோ உள்ளேயே அமைந்திருக்கும். முதலில் ஒரு வால்வை முழுதும் திறந்து, மற்றதை மெல்லத் திறந்தால் நீர் பாயும் ஓசை கேட்கும். முள் 1.2 அளவுக்கு வந்ததும் இரண்டையும் இறுக மூடுங்கள். வெளியே பொருத்தும் குழாயாக இருந்தால் நிரப்பியபின் அதைக் கழற்றி வைப்பதே முறை. அமைப்பிலுள்ள அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக நீர்ப் பொருத்து விதிகள் அப்படிச் சொல்கின்றன. மூடியதாக நினைத்து ஒரு வால்வை அரைகுறையாக விட்டுவிட்டால் அழுத்தம் தானாக ஏறிக்கொண்டே போகும். விரிவுக் கலனைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருக்கிறது. என்ன செய்வது?

மேலே காற்று தங்கியிருக்கிறது. வெப்பமூட்டலை நிறுத்தி, ரேடியேட்டர் ஆறியபின், மேல்மூலையில் உள்ள சிறு திருகில் ரேடியேட்டர் சாவியைச் செருகி இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். சீறல் நின்று நீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிட வேண்டும். அடியில் ஒரு பழைய துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரும் நீர் கறுப்பாக இருக்கலாம். கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்தில் முடிப்பது வழக்கம். எல்லாம் முடிந்தபின் அழுத்தமானியைப் பார்த்து, தேவையானால் நிரப்புங்கள்.

இதில் பலர் அறியாத ஒன்றுண்டு. மூடிய அமைப்பில் ஒரே ரேடியேட்டரை மாதந்தோறும் திறந்து காற்றை விட வேண்டியிருந்தால், வருவது காற்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரும்பு உள்ளுக்குள் அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதுவும் மேலேதான் சேரும். அது தீப்பற்றக்கூடியது என்பதால் அந்தத் திருகின் அருகே தீக்குச்சியோ ஊதுபத்தியோ வேண்டாம். அடிக்கடி வாயு சேர்கிறது என்றால் துருத்தடுப்பு மருந்து தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மேலே சூடு, கீழே நடுப்பகுதியில் மட்டும் குளிர்ச்சி. இதுவும் காற்றா?

இல்லை, இது சேறு. அரித்த இரும்பு மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறி, மை போன்ற குழம்பாகி, ரேடியேட்டரின் அடியில் படிகிறது. அந்த இடத்தில் நீர் ஓடாததால் அது சூடாவதில்லை. சேறு அங்கேயே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு பகுதி நீரோடு போய்ப் பம்பையும் பாய்லரின் குறுகிய வெப்பமாற்றிப் பாதைகளையும் அடைக்கிறது. பாய்லர் பழுதாகிவிட்டது என்று புதிதாக மாட்டி, சேற்றை அப்படியே விட்டுவிட்டால் புதிய பாய்லருக்கும் அதே கதிதான். கழுவாத அமைப்பில் பொருத்திய பாய்லருக்குத் தயாரிப்பாளர்கள் உத்தரவாதத்தை மறுக்கவும் கூடும்.

ஒன்றிரண்டு ரேடியேட்டர்களில் மட்டும் இருந்தால் அவற்றைக் கழற்றித் தோட்டத்தில் வைத்து நீர்க்குழாயால் கழுவலாம். வீடு முழுதும் இருந்தால் கரைப்பான் மருந்து ஊற்றிச் சில நாள் ஓடவிட்டுப் பிறகு வடிப்பது ஒரு வழி. இயந்திரம் வைத்து வேகமாக நீரைச் செலுத்தும் பவர் ஃபிளஷ் மற்றொரு வழி. மிகப் பழைய, மெலிந்துபோன ரேடியேட்டர்களில் சேறே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதுண்டு. பவர் ஃபிளஷ் செய்தபின் கசியத் தொடங்கினால் கழுவியவரைக் குறை சொல்வது முழு நியாயமாகாது.

கழுவியபின் இரண்டு காரியங்கள் கட்டாயம். ஒன்று, இன்ஹிபிட்டர் என்னும் துருத்தடுப்பு மருந்து. எவ்வளவு நீருக்கு எவ்வளவு என்பது புட்டியிலேயே இருக்கும். மற்றொன்று, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி. மேக்னடைட் காந்தத்தில் ஒட்டும் என்பதால் இந்த எளிய கருவி மிக நன்றாக வேலை செய்கிறது. ஆண்டுதோறும் சர்வீஸின்போது அதைத் திறந்து துடைக்க வேண்டும்; முதல் ஆண்டில் வரும் கறுப்புக் குழம்பைப் பார்த்தால் அதற்குக் கொடுத்த பணம் உறுத்தாது. இந்த நீர் பராமரிப்புக்கான பிரிட்டிஷ் நெறிமுறையான பிஎஸ் 7593, மருந்தின் அளவை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறது.

ஒரே ஓர் அறை மட்டும் சூடாவதில்லை.

ரேடியேட்டர் முழுதுமே குளிர்ந்திருந்தால், எண்கள் போட்ட தலையுடைய தெர்மோஸ்டாட் வால்வைச் சந்தேகியுங்கள். கோடை முழுதும் மூடிய நிலையில் இருந்த வால்வின் உள்ஊசி இறங்கியபடியே சிக்கிக்கொள்ளும். தலையைத் திருகிக் கழற்றினால் நடுவில் சிறிய ஊசி தெரியும். அதைத் தட்டையான ஏதேனும் ஒன்றால் மெல்ல அழுத்தினால் இறங்கித் தானே எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். குறட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். ஊசி கையோடு வந்துவிட்டால் அறை நீரில் மிதக்கும். கோடையில் இந்த வால்வுகளை முழுதும் திறந்து வைத்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

வெதுவெதுப்பாக மட்டும் இருக்கிறது, அதுவும் பாய்லரிலிருந்து தொலைவிலுள்ள அறையில் என்றால் பங்கீடு சரியில்லை. நீர் எளிய வழியிலேயே போகும். அருகிலுள்ள ரேடியேட்டர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள, கடைசி அறைக்கு மிச்சமே கிடைக்கும். ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும் லாக்-ஷீல்டு வால்வு இதற்காகவே உள்ளது. அருகிலுள்ளவற்றில் அதைச் சிறிது மூடியும் தொலைவிலுள்ளவற்றில் நன்றாகத் திறந்தும் வைத்தால் எல்லா அறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சூடாகும். பொறுமை வேண்டிய வேலை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அரைமணி நேரம் காத்திருந்து தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை சுற்று திருப்பினோம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 30-இல் வைத்தால் வீடு விரைவாகச் சூடாகுமா?

ஆகாது. சுவர்த் தெர்மோஸ்டாட் எந்த வெப்பநிலையில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே பாய்லருக்குச் சொல்கிறது. எவ்வளவு விரைவாக என்பதைச் சொல்வதில்லை. 20-இல் வைத்தாலும் 30-இல் வைத்தாலும் 20 டிகிரியை எட்ட ஏறக்குறைய அதே நேரம்தான். 30-இல் வைத்தவர் மறந்து தூங்கிவிடுவார் என்பதே வேறுபாடு. பெரும்பாலான வீடுகளுக்கு 18 முதல் 21 டிகிரி போதும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டலில் குளிர்காலத்துக்கு 18 டிகிரியைப் பாதுகாப்பான குறைந்த அளவாகக் குறிப்பிடுகிறது. கைக்குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் சற்று உயர்த்தி வைப்பதே முறை; மின்கட்டணத்துக்கும் எரிவாயுக் கட்டணத்துக்கும் பயந்து அம்மாவைக் கம்பளிக்குள் நடுங்க விடுவது சிக்கனமன்று.

நாள் முழுதும் மெல்ல ஓடவிடுவது மலிவு என்று சொல்வோர் உண்டு. எரிவாயு பாய்லரும் சுமாரான சுவர்க் காப்பும் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் உண்மையில்லை. வீடு சூடாக இருக்கும் நேரம் முழுதும் வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். தேவைப்படும் நேரத்துக்கு நேரம் குறித்து வைப்பதே நல்லது.

பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் எதற்கு?

அது பாய்லரிலிருந்து புறப்படும் நீரின் வெப்பநிலையைக் குறிக்கிறது. பலரும் கவனிக்காத, காசு மிச்சப்படுத்தும் குமிழ் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயு பாய்லர்கள், சில விலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாகவே இருக்க வேண்டும். எரிந்த புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து நீராக்கி, அதில் மறைந்திருக்கும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வது இவற்றின் சிறப்பு. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். பல பாய்லர்கள் 75, 80 டிகிரியில் வைத்தபடியே விடப்பட்டிருக்கின்றன. அப்போது திரும்பும் நீரும் மிகச் சூடாக இருப்பதால் அந்தச் சிறப்பில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடுகிறது.

காம்பி பாய்லர் வைத்திருப்போர் இதை 60 டிகிரிக்கு இறக்கிப் பார்க்கலாம். ரேடியேட்டர் கையைச் சுடாது, அறை சூடாகச் சற்று நேரம் எடுக்கும். உறைபனி வாரங்களில் போதாமல் போனால் 65 அல்லது 70-க்கு ஏற்றிக்கொள்ளலாம். தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும்: நுரையீரல் நோய் உண்டாக்கும் லெஜியனெல்லா நுண்ணுயிர் வளராதிருக்கத் தொட்டியின் நீர் 60 டிகிரியில் வைக்கப்பட வேண்டும் என்பதால், அங்கே பாய்லரை அதைவிடச் சற்று உயர்வாகவே வைக்க வேண்டும்.

கடும் உறைபனி நாளில் பாய்லர் திடீரென்று நின்று, உள்ளே களகளவென்று சத்தம் கேட்கிறது.

மேலே சொன்ன ஆவி நீரானபின் அது வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த நீர் சற்று அமிலத்தன்மையுடையது என்பதால் பிளாஸ்டிக் குழாய் வழியே சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாய் வீட்டுக்கு வெளியே மெல்லியதாக நீண்டு சென்றால், உள்ளே மெல்லச் சொட்டும் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும். நீர் பின்வாங்கிப் பாய்லருக்குள் ஏறும். பாய்லர் தன்னை நிறுத்திக்கொள்ளும். 2010 டிசம்பர் மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவில் 1890-க்குப் பிந்திய மிகக் குளிர்ந்த டிசம்பர்; மாதச் சராசரி உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 0.7 டிகிரி. அந்த மாதம் நாடெங்கும் பாய்லர்கள் வரிசையாக நின்றதற்கு இந்தக் குழாயே பெருங்காரணம்.

பொறியாளரை அழைக்குமுன் நீங்களே செய்யக்கூடியது இது. குழாய் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் வெந்நீர்ப் பையை அதன்மேல் வைத்துக் கட்டுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரைக் குழாயின் மீது மெல்ல ஊற்றுங்கள். கெட்டிலில் கொதித்த நீரை அப்படியே ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். கீழே வழிந்த நீர் உறைந்து நடைபாதையை வழுக்கச் செய்யும். ஏணி போட்டு ஏற வேண்டிய உயரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பனி உருகியதும் ரீசெட் பொத்தானை அழுத்தினால் பாய்லர் மீண்டும் எரியும். நிரந்தரத் தீர்வு, வெளியே ஓடும் நீளத்தைக் குறைத்து, 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி, வானிலை தாங்கும் காப்புறை போடுவது.

கெட்டில் கொதிப்பதுபோல் பாய்லர் இரைகிறது.

வெப்பமாற்றியில் சுண்ணாம்போ சேறோ படிந்து, நீர் அந்த இடத்தில் கொதிக்கிறது. லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் நிலத்தடிச் சுண்ணப் பாறையிலிருந்து வரும் நீர் மிகக் கடினமானது. உங்கள் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மாறாத நீரில் உள்ள சுண்ணாம்பு ஒருமுறை படிந்து முடிந்துவிடும். வாரந்தோறும் நீர் நிரப்பும் வீட்டில் அது படிந்துகொண்டே இருக்கும்.

குளிர்காலத்தில் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். முழுதும் அணைத்துவிடலாமா?

கூடாது. டிசம்பரிலும் ஜனவரியிலும் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் குடும்பங்கள் பணம் மிச்சம் என்று பாய்லரை அணைத்துப் போவதும், திரும்பி வரும்போது கூரையடிக் குழாய் உறைந்து வெடித்துக் கம்பளம் ஊறிக் கிடப்பதும் நடக்கிற கதை. தெர்மோஸ்டாட்டை 10, 12 டிகிரி அளவில் வைத்து ஓடவிடுங்கள். கூரையடிக் கதவைச் சற்றுத் திறந்து வைத்தால் வெப்பம் மேலேயும் போகும். வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் ஆள் இல்லாத வீட்டுக்கென்று குறைந்த வெப்பநிலையும் நாள் கணக்கும் எழுதியிருக்கும். புறப்படுமுன் அதைப் படியுங்கள். குடிநீர் வரும் முதன்மை வால்வை மூடிவிட்டுப் போவதும் நல்லது; ரேடியேட்டர் சுற்றுக்கு அதனால் பாதிப்பில்லை. எரிவாயுவுக்கு முன்பணம் கட்டும் மீட்டர் என்றால் போதிய பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஏதாவது செய்ய வேண்டுமா?

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிட்டால் பம்பும் வால்வுகளும் சிக்கிக்கொள்ளாமல் இருக்கும். சர்வீஸையும் ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். முதல் குளிர் வந்தபின் பொறியாளர் கிடைப்பது அரிது.

பாய்லரைத் தெரிந்த பையன் ஒருவன் மலிவாகச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறான்.

பிரிட்டனில் எரிவாயுக் கருவியில் தொழிலாக வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரல் 1 அன்று கார்கி என்ற பழைய பதிவேட்டின் இடத்தில் இது வந்தது. இன்றும் கார்கி என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பதிவு பெற்றவரிடம் படத்துடன் கூடிய அட்டை இருக்கும்; முன்பக்கம் 7 இலக்க உரிம எண், பின்பக்கம் எந்தெந்தக் கருவிகளில் வேலை செய்யத் தகுதி என்ற பட்டியல். அடுப்புக்குத் தகுதி பெற்றவர் பாய்லருக்கும் தகுதி பெற்றிருப்பார் என்று எண்ண வேண்டாம். அட்டையைக் கேட்பது அவமதிப்பன்று; நல்ல பொறியாளர் கேட்குமுன்னரே காட்டுவார். நம்மவர் என்ற உரிமையில் இதைக் கேட்கக் கூச்சப்படுவோர் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பல பாய்லர்களின் முன்மூடியே எரிப்பு அறையை அடைக்கும் காப்பாகவும் இருக்கும். அதைக் கழற்றி மாட்டும்போது சீல் சரியாக அமையாவிட்டால் நச்சுப் புகை வீட்டுக்குள் வரும். ஆகையால்தான் அந்த மூடி உங்களுடையதன்று என்கிறோம். ரேடியேட்டர், அழுத்தமானி, தெர்மோஸ்டாட் ஆகியவை உங்களுடையவை.

ஆண்டு சர்வீஸில் என்னதான் செய்கிறார்கள்?

மூடியைத் திறந்து எரிகலனையும் மின்முனைகளையும் பார்க்க வேண்டும். புகையின் ஆவி நீராகித் தங்கி வெளியேறும் சிறு கிண்ணத்தை (டிராப்) கழுவ வேண்டும். புகைக்குழாயின் சீல்களைச் சரிபார்க்க வேண்டும். விரிவுக் கலனின் காற்றை அளக்க வேண்டும். காந்த வடிகட்டியைத் துடைக்க வேண்டும். இறுதியில் புகைக்குழாயில் பகுப்பாய்வுக் கருவியைச் செருகி, கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு விகிதத்தைக் குறிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர் மூடியைத் தொடாமல், அழுத்தமானியைப் பார்த்துவிட்டு எட்டே நிமிடத்தில் கையெழுத்துக் கேட்டார். அன்றிலிருந்து பகுப்பாய்வுக் கருவியின் அளவீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்மையிலேயே தேவையா?

தேவை. அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத்திணறச் செய்வது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை அறிகுறிகள். காய்ச்சல் இல்லாத சளிக்காய்ச்சல் போலத் தோன்றும். வெளியே போனால் தெளிந்து, வீட்டுக்குள் வந்தால் திரும்பும் தலைவலி, அல்லது வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் உடனே ஐயப்பட வேண்டும். பிஎஸ் இஎன் 50291 என்ற தரநிலை எண் குறிக்கப்பட்ட அலாரத்தை வாங்கி, அதன் குறிப்பேடு சொல்லும் இடத்தில் மாட்டுங்கள். புகை அலாரம் இதற்கு மாற்றாகாது. அலாரத்துக்கும் ஆயுட்காலம் உண்டு. பின்புறம் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள்.

பாய்லர் அலமாரிக்குள் அரிசி மூட்டையும் விருந்துக்கான பெரிய பாத்திரங்களும் அடுக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குறிப்பேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளி காற்றோட்டத்துக்கும் பராமரிப்புக்கும் உரியது. வெளியே புகைக்குழாயின் வாயைச் செடியோ தார்ப்பாயோ மறைக்கக் கூடாது.

எரிவாயு மணம் வந்தால்?

மீட்டர் அருகிலுள்ள நெம்புகோலைக் குழாய்க்குக் குறுக்காக வரும்படி திருப்பி மூடுங்கள். சன்னல்களைத் திறங்கள். விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், தீக்குச்சி கூடாது. வெளியே வந்து 0800 111 999 என்ற இலவச எண்ணை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு ஐயத்துக்கும் இதே எண்தான். 24 மணி நேரமும் இயங்கும்.

வாடகை வீட்டில் பொறுப்பு யாருடையது?

1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு உரிமையாளர் தமக்குரிய எரிவாயுக் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சான்றின் படியை 28 நாளுக்குள் குடியிருப்போருக்குத் தர வேண்டும். புதிதாகக் குடிவருவோருக்கு வரும்முன்னரே தர வேண்டும். இந்தச் சோதனையும் சர்வீஸும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை: சோதனை பாதுகாப்பை மட்டும் பார்ப்பது, சர்வீஸ் துடைத்துச் சீர்செய்வது. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் போன்ற எரிபொருள் கருவி நிலையாகப் பொருத்தப்பட்ட குடியிருப்பு அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பதும் உரிமையாளரின் கடமை. பாய்லர் பழுதானால் எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு சாட்சியாக நிற்பதில்லை.

ரேடியேட்டர் மேல் துணி உலர்த்தலாமா?

அவசரத்துக்கு ஒன்றிரண்டு துணிகள் என்றால் சரி. ஈரத்துணியால் போர்த்தினால் அறைக்குப் போக வேண்டிய வெப்பம் குறையும். துணியிலிருந்து போகும் நீர் குளிர்ந்த சுவரில் படிந்து கருப்புப் பூஞ்சையாக வரும். சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் வால்வின் தலையைத் திரைச்சீலை மூடியிருந்தால் அது அறையை அளக்காமல் திரைக்குள்ளிருக்கும் சூட்டை அளந்துவிட்டு மூடிக்கொள்ளும்.

சுவருக்கு வண்ணம் அடிக்க ரேடியேட்டரை நானே கழற்றலாமா?

கழற்றலாம், இது எரிவாயு வேலையன்று. வெப்பமூட்டலை நிறுத்தி ஆறவிட்டு, தெர்மோஸ்டாட் வால்வின் தலையைக் கழற்றி, அதனுடன் வந்த அடைப்பு மூடியைத் திருகுங்கள். பூஜ்யத்தில் வைத்தால் மட்டும் போதாது, அறை குளிர்ந்தால் வால்வு தானே திறந்துகொள்ளும். மறுமுனை லாக்-ஷீல்டு வால்வை எத்தனை சுற்றில் மூடினீர்கள் என்று எண்ணி, மூடியின் உட்புறத்திலேயே எழுதிவிடுங்கள். திரும்ப அதே எண்ணிக்கை திறந்தால் வீட்டின் பங்கீடு கெடாது. அடியில் தட்டமும் வாளியும் வைத்து, மேல்திருகைத் திறந்தபின் இணைப்பைத் தளர்த்தினால் நீர் வடியும். திரும்ப மாட்டும்போது எத்தனை லிட்டர் புதிய நீர் போனதோ அதற்கேற்ற துருத்தடுப்பு மருந்தையும் சேர்க்க வேண்டும். ரேடியேட்டரைத் தூக்கிச் செல்லும்போது இரு துளைகளையும் துணியால் அடைத்து மேல்நோக்கிப் பிடியுங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் அந்தக் கறுப்பு நீர் கம்பளத்தில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.